செருப்புத் தக்கை

தடைக்காலம் முடிய ஒன்பது நாளும் பத்து மணி நேரமும் இருந்தன. கடலில் மீன் முட்டையிடுகிறது, வலையைத் தூக்கி வை என்று அரசாங்கம் வருஷா வருஷம் லாஞ்சி என்கிற விசைப்படகுகளை அறுபத்தொரு நாள் கட்டிப்போடும். அந்த நாட்களில் காசிமேட்டுக்காரர்கள் வலை தைப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள், கேரம் ஆடுவார்கள், பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார்கள். ஆனால் எவனும் மாத்தூருக்குப் போய்க் குளத்தில் தூண்டில் போட மாட்டான்.

ஸ்டானிஸ்லாஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் இருபத்திரண்டு வருஷமாக லாஞ்சியில் ஸ்ராங்கு. சுக்கான் அவர் கையில். போகிற திசை, வலை இறக்குகிற இடம், திரும்புகிற நேரம் எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, இடுப்பளவு தண்ணீரின் ஓரத்தில், சிமெண்ட் பெஞ்சில், ஆறடி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. 'குப்பை கொட்டாதீர்' என்று ஒரு பலகை, பலகைக்குக் கீழே குப்பை. பாதித் தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. தூரத்தில் மணலிப் பக்கம் ஒரு புகைபோக்கியின் உச்சியில் பட்டப்பகலில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் அழுகின முட்டை வாடை வந்து போனது.

"இதுக்குப் பேரு கொளம்னா," என்றார் ஸ்டானிஸ்லாஸ், "எங்க லாஞ்சில ஐஸ் கொட்ற பெட்டிக்குப் பேரு ஏரி."

"ஆரம்பிச்சுட்டாரு," என்றான் லோகநாதன்.

லோகநாதன் மணலியில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். ஞாயிறு அவனுக்கு வார விடுமுறை. மடக்கு நாற்காலி, கழுத்துக்குப் பின்னால் துணி தொங்குகிற தொப்பி, இருபது அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி என்று சகலமும் ஆன்லைனில் வாங்கியிருந்தான். பெட்டியின் ஒவ்வொரு அறையிலும் ஒரு அளவு முள். அத்தனையும் இருந்தும் தக்கை மட்டும் பழைய ஹவாய் செருப்பை வெட்டிச் செய்ததுதான். நீலச் செருப்பு. கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்து விட்டால் மிதக்கும். மீன் இரையைக் கவ்வினால் முழுகும். அவ்வளவுதான் அந்த வித்தை.

"செருப்பத் துண்டு போட்டு தண்ணில உட்டுட்டு அத்தயே மொறச்சுகினு குந்திகிறீங்களே," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இத்த ஒரு வேலைன்னு வூட்ல சொல்லிட்டு வேற வரீங்க."

"நாங்க வேலைன்னு எப்போ நைனா சொன்னோம். லீவுக்குத்தான வரோம்."

லோகநாதன் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாகத் தண்ணீரில் எறிந்தான். மீன்கள் கூடுவதற்காம். தொபுக் தொபுக் என்று சத்தம் கேட்டது.

"மொதல்ல விருந்து வெச்சுட்டு அப்பால கழுத்தறுக்கறது. நல்லா கீது உங்க நாயம்."

பக்கத்துத் திண்டில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரமாபாய் சிரித்தாள். அவள் வியாசர்பாடிக்காரி, பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். வாரம் முழுக்க நெருப்புப் பொறியைப் பார்க்கிற கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி இங்கே வருவாள். தொப்பி, பெட்டி ஒன்றும் கிடையாது. ஒரு மூங்கில் குச்சி, ஒரு டப்பா மண்புழு, ஒரு வாளி. வாளியில் இதற்குள் ஏழு மீன்.

"ஸ்ராங்கண்ணே, கடல்ல வலைய இஸ்துகினு போறீங்களே, அதுல விருந்தும் இல்ல நாயமும் இல்ல. வயில படுத்துகினு இருக்கறத எல்லாம் வாரிகினு வர்றது. அதுக்கு எங்குது மேலு."

லோகநாதன் தொடையில் தட்டிச் சிரித்தான். ஜெரியும் சிரித்திருப்பான். ஸ்டானிஸ்லாஸுக்கு அது தெரியவில்லை.

ஜெரி அவருடைய அக்கா மகன். இருபத்தெட்டு வயது. அவருடைய லாஞ்சியிலேயே பத்து வருஷம் வேலை செய்தவன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி கிறிஸ்டினாவோடு மாத்தூரில் வாடகைக்கு வந்துவிட்டான். லோகநாதன் அவனுக்குப் பக்கத்து வீடு. இன்று காலை பூசை முடிந்து ராயபுரத்தில் மாமன் வீட்டுக்கு வந்தவன், "வூட்லயே குந்திகினு அத்தையோட மல்லுக்கட்றதுக்கு எங்கூட வா மாமா," என்று வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதற்காகத்தான் ஸ்டானிஸ்லாஸ் ஏறினார். திருவொற்றியூர்த் தேரடி தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தார், சிக்னல் விழுந்தது. மணலி சாலையில் நினைத்தார். ஒரு டேங்கர் லாரி காதருகே ஹாரன் அடித்தது. கிறிஸ்டினா மீன் குழம்பு போட்டாள். சோற்றுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு எப்படிச் சொல்வது என்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சொல்ல வேண்டியது இதுதான். அவருக்குக் கண் போய்விட்டது.

முழுக்க இல்லை. ஓரங்கள் எல்லாம் நன்றாகத் தெரியும். நடப்பார், படி ஏறுவார், சட்டைப் பொத்தானைப் போடுவார். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு பழுப்பு வட்டம், சில நேரம் அதுகூட இல்லாமல் சுற்றியுள்ள நிறமே வந்து அந்த இடத்தை மூடிக்கொள்ளும். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். லோகநாதனோடு ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவனுடைய தொப்பியையும் இரண்டு காதுகளையும் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததில்லை.

கடைசியாகக் கரை திரும்பிய நாள், ஐம்பத்திரண்டு நாளைக்கு முன்னால், காலை எட்டு மணி. பனி இல்லை, மழை இல்லை. துறைமுக வாய்க்கு வெளியே ஒரு பைபர் படகில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். லாஞ்சியின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அது உயரமானது, சுக்கான் அறையோ பின்னால். அதனால் கரை நெருங்கும்போது அணியத்தில் ஒருவன் நின்று எதிரில் இருப்பதைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். அன்று நின்றவன் ஜெரி. அவன் கத்தினான், கையை ஆட்டினான். அவன் காட்டிய பக்கம் ஸ்டானிஸ்லாஸ் நேராகப் பார்த்தார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. வெயில் பட்டு மினுங்குகிற தண்ணீர். பிறகு மரம் உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

இரண்டு பேரையும் உயிரோடு தூக்கினார்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. லாஞ்சி முதலாளி மதார் சாகிப் வந்து, "இன்னா ஸ்ராங்கு இது?" என்றார். ஸ்டானிஸ்லாஸ் ஜெரியைக் கன்னத்தில் அறைந்தார்.

"அணியத்துல நின்னுகினு தூங்கிகிறான் சாயபு, சோமாரி."

ஜெரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த சீசனுக்கு அவன் வேண்டாம் என்று சாகிப் அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆறு நாள் கழித்து ஸ்டானிஸ்லாஸ் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி சிலுவையம்மாளிடம் இன்ஜின் சாமான் பார்க்கப் போவதாகச் சொன்னார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் காட்டி, நடுவில் இருக்கிற புள்ளியைப் பாருங்கள் என்றாள் டாக்டர். நடுவில் புள்ளி இல்லை. கட்டங்களும் இல்லை. சர்க்கரை விழித்திரையின் நடுவைத் தின்றுவிட்டது, போனது வராது, மீதியைக் காப்பாற்றலாம், இனிமேல் வண்டி, படகு எதுவும் ஓட்டக் கூடாது என்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கடலில் கால் நனைத்திருப்பாளோ என்னவோ. இவள் வந்து என்னைப் படகு ஓட்டாதே என்கிறாள் என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர்தான். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் சுக்கான் போகும். சொல்லாவிட்டால் ஒன்பது நாள் கழித்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்ப வேண்டும். ஜெரி நாளைக் காலை எட்டு மணிக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலைக்குச் சேர்கிறான். சட்டை தைத்தாகிவிட்டது என்று கிறிஸ்டினா சோறு போடும்போது சொன்னாள்.

"மாமா, மாவு வெச்சுத் தரட்டா?" என்றான் ஜெரி.

"எனுக்கு முள்ளுல இரை மாட்டத் தெரியாதா? உங்கப்பனுக்கே நான்தான்டா மாட்டிக் குடுத்தேன்."

மைதா மாவை அவர் விரலாலேயே உருட்டினார். முள்ளின் வளைவை நகத்தால் தடவி, கூர் எங்கே என்று பார்த்து, அழுத்தினார். இதற்கெல்லாம் கண் வேண்டியதில்லை. மாவில் ஏலக்காய் வாடை வந்தது.

"ஏலக்காய் எதுக்குடா? கொளத்து மீனுக்குப் பாயசமா?"

"கெண்டைக்குப் புடிக்கும் நைனா. யூடியூப்ல சொன்னான்," என்றான் லோகநாதன்.

ஸ்டானிஸ்லாஸ் மூங்கிலைப் பின்னால் சாய்த்து நரம்பை வீசினார். வீசுவதற்கு முன்னால் கை தானாக நெற்றிக்குப் போய், மார்புக்கு வந்து, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டுவிட்டது. வலை இறக்கும்போது இருபத்திரண்டு வருஷமாகப் போட்ட கை. குட்டைக்கும் போட்டுவிட்டோமே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் திரும்பினார். பார்த்திருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"ஆமென்," என்றாள் ரமாபாய்.

அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கடலில் கைத்தூண்டில் போடுகிறவர்கள் தக்கை கட்டுவதில்லை. நரம்பு விரலில் இருக்கும். முப்பது ஆள் ஆழத்தில் மீன் மோப்பம் பிடித்தால் விரல் சொல்லும். கால் மணி நேரம் கழித்து விரல் சொன்னது. இரண்டு சின்னச் சுண்டல், பிறகு ஒரு இழுப்பு. அவர் மூங்கிலைத் தூக்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி கெண்டை வந்து பெஞ்சின் காலில் மோதித் துடித்தது.

"போட்றா," என்றான் லோகநாதன். "நைனா கணக்கத் தொறந்துட்டாரு."

"இத்த எங்க வூட்டுப் பூனைகிட்டப் போட்டா, அது என்னிய ஏற எறங்கப் பாக்கும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். ஆனால் மீனைத் தூக்கித் தண்ணீரில் போடவில்லை. ஜெரியின் பையில் போட்டார்.

ரமாபாய் தன் முக்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, தக்கை முழுகவே இல்ல. கொஞ்சம் ஆடுச்சு, அவ்ளோதான். நீங்க அதுக்குள்ள இஸ்துட்டீங்க. எப்டி?"

"எப்டின்னா. கண்ணுல வெச்சுகினு குந்திகிறேன். ஒரு நூல் அசஞ்சாலும் தெரியும்."

"நீங்க தண்ணியவே பாக்கலியே. அந்தாண்ட லாரியப் பாத்துகினு இருந்தீங்க."

"ஓரக்கண்ணு போதும் தங்கச்சி. உங்க செருப்புக்கு முழுக்கண்ணு எதுக்கு?"

"பேசறப்பகூட மூஞ்சப் பாக்க மாட்டேன்றீங்க. நாங்க இன்னா அவ்ளோ மட்டமா பூட்டமா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் விளையாட்டுக்கு அடியில் கொஞ்சம் நிஜம் இருந்தது. ஜெரி நடுவில் புகுந்தான்.

"மாமா எப்பவும் அப்டித்தாங்க்கா. காசிமேட்லயே யாரையும் நேராப் பாக்க மாட்டாரு. ஸ்ராங்கு இல்ல."

ஸ்டானிஸ்லாஸ் அதை மறுக்கவில்லை. இந்த ஐம்பத்திரண்டு நாளில் அவருக்குத் திமிர் கூடிவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்வது அவர் காதுக்கும் வந்திருந்தது. வணக்கம் சொன்னால் திரும்புவதில்லை, பேசினால் தோளுக்கு மேலே எங்கேயோ பார்க்கிறார் என்றார்கள். பேசட்டும். திமிர் பிடித்தவன் என்றால் ஸ்ராங்காக இருக்கலாம். குருடன் என்றால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

மூன்றரை மணிக்கு அவருக்கு ஒன்றுக்கு வந்தது. மூங்கிலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு வேலி ஓட்டை வழியாக வெளியே போனார். தரையைப் பார்த்துத்தான் நடந்தார், அதாவது தரைக்குப் பக்கத்தில். பெரிய சாலையில் டேங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. சுவரோரம் நின்றபடி, திரும்பிப் போனதும் ஜெரியைத் தனியாக அழைத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். எங்கே தொடங்குவது? ஆஸ்பத்திரியிலிருந்தா, அறையிலிருந்தா? அறையிலிருந்து தொடங்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கினாலும் அறைக்குத்தான் வந்து சேரும். பேன்ட் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது சொல்லலாம்.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தின மாதிரி ஒரு அமைதி. தன்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பேசாமல் வேறென்ன செய்வார்கள்? கடலைப் பார்க்காத ஜனம்.

"நைனா, புது இரை மாட்டி வெச்சிகிறேன். ஒயுங்காப் போடு," என்றான் லோகநாதன்.

ஸ்டானிஸ்லாஸ் நரம்பை வீசினார். கொஞ்சம் லேசாகப் பறந்த மாதிரி இருந்தது. மாவு உருண்டை சின்னது போலிருக்கிறது என்று நினைத்தார். விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். ரமாபாய் சொன்னதற்குப் பிறகு அதில் கவனமாக இருந்தார்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

"நைனா," என்றான் லோகநாதன். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "தக்கை இன்னா சொல்து?"

"சொல்றதுக்கு இன்னா. சும்மாக் கீது."

"ஆடலையா?"

"ஒரு ஆட்டமும் இல்ல."

ரமாபாய் இருமினாள். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"எனுக்கு இன்னாவோ அது கொஞ்சம் இந்தாண்ட நவுந்த மாதிரி கீது," என்றாள். "கோரைப் பக்கமா."

"காத்துக்கு நவுறும் தங்கச்சி. அதுகூடத் தெரியாம வாரா வாரம் இன்னாத்தப் புடிக்கிறீங்க?"

"அதானே. நீங்க சொன்னாத்தான் தெரியுது. இப்போ எங்கண்ணே கீது? கோரைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். ஒரு சாண் தள்ளி."

"நீலமாத் தெரியுதா?"

"பின்ன செகப்பாவா தெரியும்? உங்க பிஞ்ச செருப்புதான."

அதற்கு மேல் லோகநாதனால் முடியவில்லை. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். தொப்பி கழன்று விழுந்தது. ரமாபாய் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஸ்டானிஸ்லாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முதுகு சில்லிட்டது. கடலில் இன்ஜின் சத்தம் மாறும்போது, காரணம் தெரிவதற்கு முன்னால், முதுகு இப்படித்தான் சில்லிடும்.

லோகநாதன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ வைத்தான். லேசாக, கட்டைவிரல் அளவுக்கு, நடுவில் ஓட்டையோடு. ரப்பர்.

"நீ ஒண்ணுக்குப் போனப்பவே அறுத்துட்டேன் நைனா. நரம்புல தக்கையே இல்ல. இல்லாத தக்கைக்குக் காத்து சொல்ற, சாண் கணக்கு சொல்ற. உதார்ல உன்னிய அடிச்சுக்க ஆளே கெடையாது."

"கலரு வேற சொன்னாரு," என்றாள் ரமாபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஸ்டானிஸ்லாஸ் செருப்புத் துண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். வழி திறந்தே இருந்தது. இவர்கள் இதை உதார் என்று நினைக்கிறார்கள். உதார் என்றே இருந்துவிட்டுப் போகலாம்.

"எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிங்களா?" என்றார். "வந்து குந்துனப்பவே பாத்துட்டேன். சிறுசுங்க வெளாடுதே, நாமளும் கூட வெளாடுவோம்னு விட்டேன்."

"பாத்தியாக்கா, கீய வுயுந்தும் மீசைல மண்ணு ஒட்டலன்றாரு," என்றான் லோகநாதன். ஆனால் அவனுக்கு அதுவும் பிடித்திருந்தது. "சரி வுடு நைனா. டீ வாங்கியாறேன். சக்கர கம்மியாத்தான?"

அவன் வேலி ஓட்டைக்குள் குனிந்து போனான். ரமாபாயின் தூண்டிலில் ஏதோ மாட்டியது. அவள் முக்காலியை விட்டு எழுந்து கோரைப் பக்கம் இறங்கினாள். பெஞ்சில் ஸ்டானிஸ்லாஸும் ஜெரியும் மட்டும் இருந்தார்கள்.

ஜெரி சிரிக்கவில்லை. சிரிப்பு நடந்தபோதெல்லாம் அவன் சத்தம் கேட்கவே இல்லை என்று ஸ்டானிஸ்லாஸுக்கு இப்போதுதான் உறைத்தது.

"மாமா."

"இன்னா?"

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே."

"கேக்காமயே கோச்சுப்பேன். கேளு."

"அன்னிக்கி நான் கத்துனது உனுக்குக் கேட்டுச்சா?"

ஸ்டானிஸ்லாஸ் செருப்புத் துண்டை இறுக்கிப் பிடித்தார்.

"முடிஞ்சு போன கதை இப்ப இன்னாத்துக்கு?"

"இல்ல, சொல்லு. கத்துனேன்னுதான் எனுக்கு நெனப்பு. கையக் கூட ஆட்னேன். ஆனா நீ அடிச்ச. தூங்கிகிறான்னு சொன்ன. எல்லாரும் தூங்குமூஞ்சின்றாங்க. ரெண்டு நாளு எனுக்குக் கோவம். அப்பால யோசிச்சேன். மாமா பொய் சொல்ல மாட்டாரு. எட்டு மணி வெயிலு, அவருக்குத் தெரியாமப் போவுமா? அப்ப நான்தான் தூங்கிட்டு, கத்துன மாதிரி கனா கண்டிருக்கேன். இல்லன்னா லேட்டாக் கத்திருக்கேன்."

அவன் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி பேசினான்.

"இன்னிக்கிக் காலைல பூசைக்கு முன்னாடி கோயில் சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன் மாமா. அணியத்துல நின்னு தூங்கிட்டேன் சாமி, ரெண்டு உசுரு போயிருக்கும்னு சொன்னேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. முட்டி போட்டுச் சொல்லிட்டுத்தான் உன் வூட்டுக்கு வந்தேன்."

ஸ்டானிஸ்லாஸுக்கு முதலில் வந்தது கோபம். செய்யாத பாவத்துக்கு மண்டியிட்டு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருக்க முடியுமா? தன் கண் பார்த்ததைத் தானே நம்பாமல், அறைந்தவன் வாயை நம்புகிறவன். இவன் கடலுக்கு லாயக்கில்லை, கிடங்குக்குத்தான் லாயக்கு என்று மனதுக்குள் திட்டினார். திட்டு வழக்கம்போல வரவில்லை. பாதியில் நின்றது. இதுவரை அவர் ஏளனம் செய்த குளம், செருப்பு, ஏலக்காய், டாக்டர் பெண் எல்லாரும் ஒரு வரிசையில் நின்று அவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. யாருக்கும் முகம் இல்லை.

"சாமி கிட்டச் சொன்னதுக்கு அப்பால கொஞ்சம் லேசா ஆச்சு," என்றான் ஜெரி. "கெடங்குல சேர்றதுக்கும் இப்ப வருத்தம் இல்ல. ஆனா இப்ப நீ, இல்லாத தக்கைய நீலம்னு சொன்னல்ல. அப்போதிலிருந்து மறுபடி ஒரு மாதிரி கீது. அதான் கேட்டேன்."

கோரைப் பக்கமிருந்து ரமாபாய், "விராலுடா ஜெரி, கைநீளம்," என்று கூப்பிட்டாள். ஜெரி திரும்பவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் செருப்புத் துண்டைப் பெஞ்சில் வைத்தார். விரல் வேர்த்திருந்தது. வேட்டியில் துடைக்கப் போய், இன்று பேன்ட் என்று நினைவு வந்து, அதிலேயே துடைத்தார்.

"கேட்டுச்சு," என்றார்.

"இன்னா?"

"நீ கத்துனது. நல்லாக் கேட்டுச்சு. நேரத்துக்குத்தான் கத்துன. நீ தூங்கல."

"அப்போ நான் கை காட்னது?"

"காட்ன பக்கம்தான் பாத்தேன்."

வேலிக்கு அப்பால் லோகநாதன் யாரிடமோ சில்லறை கேட்டுச் சத்தம் போடுவது கேட்டது. இன்னும் ஒரு நிமிஷத்தில் டீயோடு வந்துவிடுவான். அவன் வந்துவிட்டால் வீட்டுக்குப் போகும்போது என்று ஆகும். பிறகு நாளைக்கு, பிறகு தடைக்காலம் முடிந்து.

ஸ்டானிஸ்லாஸ் முகத்தைத் திருப்பி, இத்தனை நாளாகத் தவிர்த்ததைச் செய்தார். ஜெரியை நேராகப் பார்த்தார். அவன் முகம் போய்விட்டது. இரண்டு காதும், காதுக்குப் பின்னால் மணலி நெருப்பும் மட்டும் இருந்தன.

"எனுக்குக் கண்ணு தெரியல, ஜெரி."